திடீர்த் தலைவலியைச் சும்மா விடாதீர்கள்

(மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



'அனியூரிசம்' என்று டாக்டர்மார் ஒரு வியாதியைச் சொல்வார்கள். பழைய சைக்கிள் டியூபில் நைந்த இடம் காற்றடித்ததும் முட்டை மாதிரிப் புடைக்குமே, அதுபோல இரத்தக் குழாயில் பலவீனமான இடம் புடைப்பதுதான் இது. மூளையில் வரலாம், வயிற்றிலுள்ள பெரிய குழாயிலும் வரலாம்.

பயப்பட வேண்டாம். பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் 3 பேருக்கு மூளையில் இது இருக்கலாம். அநேகம் பேருக்கு ஆயுசுக்கும் வெடிப்பதில்லை. வெடித்தால்தான் உயிருக்கு ஆபத்து.

மூளையில் வெடித்தால் அடையாளம் என்ன? இடி விழுந்த மாதிரி, பிறந்ததிலிருந்து வராத தலைவலி ஒரு நொடியில் வரும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கமும் வரலாம். அந்த நேரம் தைலம் பூசிப் படுக்க வைக்காதீர்கள். "காத்து கறுப்பு பட்டிருச்சு" என்று மந்திரிக்கப் போகாதீர்கள். அரைப்பேர்தான் விழும் என்று மலையில் நிற்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. லயத்துக்கு வாகனம் ஏறாவிட்டால், ரோட்டுக்குத் தூக்கிவர நாலு பேரைக் கூப்பிடுங்கள். வலி குறைந்தாலும் போகத்தான் வேண்டும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் மறுபடி வெடிக்கும் ஆபத்து அதிகம். நேரத்தோடு போனால் புடைப்பை அடைக்க வைத்தியம் உண்டு.

பிரஷரும் புகையும்தான் இதற்குப் பெரிய எதிரியல்ல, கூட்டாளிகள். டிஸ்பென்சரிக்குப் போகும்போதெல்லாம் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். சுகமாயிருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். பீடி, சுருட்டை விடுங்கள்.

இதை இங்கே வராதவர்களுக்கும் சொல்லுங்கள்.