கூதிர் மாலையில் ஒரு கிண்ணம் சாறு



தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப் பெயர் பெற்றன. மேலை நாட்டார் இலையுதிர் காலம் என்று கூறும் பருவமும் ஏறத்தாழ இதனை ஒட்டியே வருகிறது. அங்கே மரங்கள் இலைகளை உதிர்க்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை பொழியும். அங்கே அடுப்பில் பரங்கிக்காய்ச் சூப் கொதிக்கும். வீட்டிலேயே மாவு பிசைந்து சுட்ட சிறு உருண்டை ரொட்டிகள் அதற்குத் துணையாகும். இங்கே மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட பருப்புச் சாறு கொதிக்கும். ஆவியில் வெந்த பிடிகொழுக்கட்டை அதற்குத் துணையாகும். குளிர் வந்ததும் ஒரு குடும்பம் ஒரு பாத்திரத்தைச் சூழ்ந்து அமர்வது ஈரிடத்தும் ஒன்றே.

ஆயினும், கதிரவன் மறையுமுன் உண்ணும் இல்லங்களுக்கு இப்பருவத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனைப் பற்றியும், அதனைத் தீர்ப்பதற்கு ஒரு கிண்ணம் சாறு எவ்வாறு துணைபுரியும் என்பது பற்றியுமே இவ்வுரை.

சென்னையில் சூலை மாதத் தொடக்கத்தில் கதிரவன் மறையும் நேரம் ஏறத்தாழ மாலை 6.40. நவம்பர் மாத நடுவிலோ அது 5.40க்கு வந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் குறைந்துபோகிறது. ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள் திசம்பர் 21ஆம் நாளை ஒட்டி வருவதால், அன்றுதான் பொழுது மிக விரைவில் சாயும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. புவியின் அச்சுச் சாய்வும், அது கதிரவனைச் சுற்றும் பாதையின் நீள்வட்ட வடிவமும் சேர்ந்து, தமிழகத்தில் மிக முந்திய மாலையை நவம்பர் மாதத்திலேயே கொண்டுவந்துவிடுகின்றன. திசம்பர் 21இல் சென்னையில் பொழுது சாய ஏறத்தாழ 5.47 ஆகிவிடும். ஆதலின் மாலை உணவுக்கு மிக நெருக்கடியான காலம் மார்கழி அன்று. ஐப்பசியின் இறுதியும் கார்த்திகையுமே ஆகும். கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள் முன்பாகவே உணவை முடிக்கும் வழக்கமுடையோர்க்கு 4.50 மணிக்கே கை கழுவ வேண்டியதாகிறது.

இரவுணவு நீக்கலின் காரணம் இப்பருவத்திலேதான் கண்கூடாக விளங்கும். மழை ஓய்ந்த அந்தியில் ஈசல் கூட்டம் கூட்டமாக விளக்கை நாடி வரும். சிறகு உதிர்த்து உணவிலும் விழும். அடுப்புத் தீயிலும் விழும். "இப்போதுதான் மின்விளக்கு இருக்கிறதே, சோற்றில் என்ன விழுந்தாலும் தெரியுமே" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தெரியும் என்பது உண்மையே. ஆனால் ஈசலை அழைப்பதும் அவ்விளக்கே அன்றோ! உண்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. உயிர் மாளாமல் இருப்பது வேறொன்று. இதனை ஒரு மழைநாள் அந்தியில் சாளரத்தருகே நின்று காட்டினால், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

மேகம் மூடிய நாளில் பொழுதை அறிவதும் எளிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை கூதிர்காலத்தையே பாடுகிறது. மழையால் பகலும் இரவும் பிரித்தறிய இயலாத அந்நாளில், தட்டில் இட்டுவைத்த பித்திகை அரும்புகள் மலர்ந்து மணம் வீசுவதைக் கொண்டு மாலை வந்ததென மகளிர் அறிந்து விளக்கேற்றினர் என்று அப்பாட்டு கூறுகிறது. இன்று ஒவ்வொருவர் கையிலும் கடிகாரமும் கைப்பேசியும் உள்ளன. பொழுது மறையும் மணித்துளியை அறிய எவர்க்கும் தடையில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதுதான் அரிதாகிவிட்டது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, கணவர் மறைந்தபின், சென்னையில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த மூதாட்டி ஒருவர். மகன் தனியார் நிறுவனப் பணியாளர். வீடு திரும்ப இரவு எட்டாகும். மருமகள் வங்கியில் பணிபுரிகிறார், ஆறரைக்கு வருவார். பேத்தி ஐந்தாம் வகுப்பு மாணவி. நான்கே காலுக்குப் பள்ளிப் பேருந்து அவளை இறக்கிவிடும். கோடையில் பெரிய இடர் எதுவும் தோன்றவில்லை. மருமகள் அன்று அரை மணி முன்னதாக வந்துவிட்டால் மாமியாரோடு அமர்ந்து உண்பார். ஐப்பசி பிறந்ததும் அதுவும் நின்றது. காலையில் வடித்த சோற்றை மாலை ஐந்து மணிக்குத் தாமே சுடவைத்துத் தனியே அமர்ந்து உண்பது மூதாட்டியின் வழக்கமாயிற்று. மற்றவர் உணவு இரவு ஒன்பதுக்கு. மருமகளுக்கோ ஒரே நாளில் இருமுறை அடுப்படி வேலை.

ஒரு சனிக்கிழமை மாலை, பாட்டியின் தட்டருகே வந்து அமர்ந்த பேத்தி கேட்டாள்: "தனியாகச் சாப்பிட்டால் உங்களுக்கு ருசிக்குமா, பாட்டி?"

"பொழுதோடு சாப்பிட வேண்டும் அல்லவா கண்ணு, சாப்பிடுகிறேன். ருசியை யார் பார்த்தார்கள்?" என்றார் மூதாட்டி.

அவர் குறைகூறும் குரலில் அதனைச் சொல்லவில்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளின் செவியில் அது விழுந்தது. ஊரில் பதினான்கு பேர் ஒரே பந்தியில் அமர்ந்து பொழுதோடு உண்ட வீட்டுக்கு உரியவர், இங்கே சுவரைப் பார்த்து உண்கிறார் என்பது அப்போதுதான் அவர் மனத்தில் தைத்தது. மறுநாள் காலை அவர் மாமியாரிடம் கேட்டது ஒன்றே: "அத்தை, மழைக்காலத்தில் ஊரில் மாலைக்கு என்ன செய்வீர்கள்?"

அவ்வீட்டில் அன்று தொடங்கியதே பருப்புச் சாறும் பிடிகொழுக்கட்டையும்.

சாற்றின் செய்முறை எளிது. நால்வர்க்குப் பாசிப்பருப்பு 100 கிராம், தோலும் விதையும் நீக்கிய பரங்கிக்காய் 400 கிராம், வடிகட்டிய நீர் ஐந்து தம்ளர். பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, மஞ்சள்தூளும் பரங்கித் துண்டுகளும் சேர்த்துக் குழைய வேகவிட வேண்டும். நன்கு மசித்து, ஒரு தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் தட்டிப்போட்டு, கால் தேக்கரண்டி சுக்குப்பொடியும் உப்பும் இட்டு ஒரு கொதி விட்டால் போதும். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்து இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். மழைநாளில் தழைகளில் சிற்றுயிர் ஒட்டியிருக்கும் என்று கொத்தமல்லியைத் தவிர்ப்போரும் உண்டு. அதனால் சுவை குறைந்துவிடாது.

மேலை நாட்டுச் சூப்புக்கு வெங்காயமும் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் அடிப்படை. இங்கே அவை நான்கும் இல்லை. உருளைக்கிழங்கு தரும் கெட்டித்தன்மையை மசிந்த பருப்பு தருகிறது. கேரட்டின் இனிப்பைப் பரங்கி தருகிறது. இஞ்சியின் காரத்தை உலர்ந்த சுக்கு தருகிறது. பரங்கிக்காயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிக் கடல் கடந்து வந்த காய். குளிர்நாட்டு வீட்டிலும் தமிழ்ச் சமணர் வீட்டிலும் ஒரே காய் ஒரே பருவத்தில் கொதிப்பது வியப்பிற்குரியதே.

பிடிகொழுக்கட்டைக்குப் பச்சரிசியைக் கழுவி உலர்த்தி, சிறிது துவரம்பருப்பும் மிளகும் சீரகமும் கூட்டி, நொய்யாக உடைத்துக்கொள்ள வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு தம்ளர் நொய்க்கு இரண்டரைத் தம்ளர் நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, உப்பும் நொய்யும் சேர்த்துக் கிளற வேண்டும். நீர் வற்றி வெந்து திரண்டதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைத்தால் ஆயிற்று. முதல்நாள் அரைத்து வைக்கும் வேலையும் இல்லை. புளிக்கவைக்கும் தேவையும் இல்லை. ஈஸ்ட் இட்டுப் பொங்கவைத்த ரொட்டியைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணையுணவு வேண்டுவதில்லை.

இவ்வுணவில் குழந்தைக்கும் வேலை உண்டு என்பது இதன் தனிச் சிறப்பு. பேத்தி பிடித்த கொழுக்கட்டையில் அவளுடைய நான்கு விரல் தடமும் அப்படியே பதிந்திருக்கும். பாட்டி பிடித்தது பெரிது. அவள் பிடித்தது சிறிது. எது யாருடையது என்று தேடி எடுத்து உண்பதிலேயே அவ்விருவர்க்கும் மாலை கழியும். பாட்டியின் ஊர்க்கதைகளும் ஏரி நிரம்பிய ஆண்டுகளும் இடையிடையே வரும்.

வார நாட்களில் மருமகள் என்ன செய்வார்? காலையிலேயே கொதிக்கும் சாற்றை வெப்பக் குடுவையில் எடுத்துச் செல்கிறார். குடுவையை முதலில் வெந்நீரால் நிரப்பி ஐந்து நிமிடம் வைத்து ஊற்றிவிட்டுப் பிறகு சாற்றை நிரப்பினால், மாலைவரை சூடு நிற்கும். கொண்டுசெல்லும் கொழுக்கட்டையில் தேங்காய் சேர்ப்பதில்லை. மாலைக்குள் நெடி வந்துவிடும். தேநீர் இடைவேளையில், ஐந்து மணியளவில், அவர் தம் குடுவையைத் திறக்கிறார். அதே நேரத்தில் வீட்டில் பாட்டியும் பேத்தியும் கிண்ணத்தை எடுக்கின்றனர். இடம் வேறானாலும் பொழுது ஒன்றாயிற்று. இரவு ஒன்பது மணி அடுப்பும் பெரும்பாலும் அணைந்தது.

மகன் உடனே மாறிவிடவில்லை. குடுவையைச் சில நாட்கள் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். அன்னையார் அதனைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் நிரப்பிக் கொடுக்கச் சொன்னார். பின்னர் அவர் சனி, ஞாயிறு மாலைகளில் சாறு வைக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். முதல் முறை மிளகு மிகுந்துவிட்டது. கண்ணில் நீர் வர நால்வரும் உண்டனர். ஆனால் நால்வரும் ஒன்றாக, வெளிச்சம் இருக்கும்போதே உண்டனர்.

பெரியோர்கள் இங்கே ஒன்றை எண்ண வேண்டும். பொழுதோடு உண்ணும் வழக்கம் குறைந்தமைக்கு, வேலைக்குச் செல்லும் பெண்களைக் காரணம் காட்டுவது எளிது. பல வீடுகளில் அப்பழிச்சொல் கேட்கிறது. பழையநாளில் அவ்வழக்கம் நிலைத்தமைக்குக் காரணம், நிலத்திலிருந்து ஆடவரும் பொழுதோடு வீடு திரும்பினர் என்பதும், அடுப்படியில் மூன்று நான்கு பெண்டிர் இருந்தனர் என்பதும் ஆகும். இன்று ஒருவர் தோளில் மட்டும் அச்சுமையை ஏற்றினால் அவர் தளர்வார். அவரோடு வழக்கமும் தளரும். நால்வர் ஏற்றால் அது சுமையாகவே தோன்றாது.

அயல்நாடு சென்ற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இலண்டனில் திசம்பர் மாதத்தில் மாலை 3.50 அளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். சூன் மாதத்திலோ இரவு 9 மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கும். அங்கே மணியைப் பார்த்துப் பயனில்லை. வானத்தைத்தான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் நண்பகல் உணவையே முழு உணவாக்கிக்கொண்டு, மூன்று மணியளவில் ஒரு குடுவைச் சாற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பாசிப்பருப்பும் பரங்கிக்காயும் அங்கும் கிடைப்பவையே. இயலாத நாட்களும் வரும். இயன்ற நாட்களைக் கைவிடாதிருந்தால் போதும்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும்போது ஒவ்வொருவரும் ஒரு வினாவை எடுத்துச் செல்லட்டும்: இன்று மாலை வீட்டில் தனியே அமர்ந்து உண்பவர் யார்? அவர் அருகில் இன்னொரு தட்டை வைக்க இயலுமா? எல்லா நாளும் இயலாவிடினும் வாரத்தில் இரண்டு நாள் இயலுமா? அதற்கு விருந்து தேவையில்லை. ஒரு பிடி பருப்பும், ஒரு துண்டுப் பரங்கியும், கொழுக்கட்டை பிடிக்க ஒரு சிறு கையும் போதும்.

அறம் வளர்க! இல்லங்கள் தோறும் அன்பு பெருகுக!