ஐந்து முறை வரவேற்ற ஊர்

(நமது குடியிருப்பில் புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்காகச் சமுதாயக் கூடத்தில் நடந்த வரவேற்பு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்து, "புதுசா வந்தவங்களை வரவேற்று பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். படித்தது பி.காம். மைக் பிடித்துப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஊர் எப்படி வரவேற்கிறது என்பதைச் சொல்கிறேன். மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2018 அக்டோபரில் நானும் என் மனைவியும் கனடா போனோம். மகளுக்குப் பிரசவ நேரம். மாப்பிள்ளைக்கு வேலை டொரண்டோவிலோ வான்கூவரிலோ இல்லை. நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவில், செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில். வரைபடத்தில் கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் இடம். நகரத்துக்குள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். அவர்கள் கடிகாரமும் நம்முடையதைப் போலவே அரை மணிக் கணக்கில் ஓடுவது. அதனால் குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 9 மணி நேர வித்தியாசம். என் மனைவிக்கு அந்த ஊரில் முதலில் பிடித்த விஷயம் அதுதான். ஊரில் அக்காவுக்குப் போன் செய்யக் கணக்குப் போட வேண்டாம்.

நாங்கள் போன சமயத்தில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. புது ஹாக்கி அணி வந்திருக்கிறது என்றார்கள். ஹாக்கி என்றதும் நான் தியான் சந்தை நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டு ஒரு சனிக்கிழமை மைல் ஒன் சென்டர் என்ற அரங்கத்துக்கு அழைத்துப் போனார். ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நடுவில் புல் கிடையாது, பனிக்கட்டித் தளம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல் கீப்பர். பந்து கிடையாது, பக் என்கிற ரப்பர் வில்லை. இருபது நிமிடமாக மூன்று பகுதி. இடையில் இருவர் கையுறையைக் கழற்றிப் போட்டு அடித்துக்கொண்டார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த பாட்டியம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

அணியின் பெயர் நியூஃபவுண்ட்லாந்து க்ரோலர்ஸ். நியூஃபவுண்ட்லாந்து நாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரடி மாதிரி பெரிய உருவம், கடலில் விழுந்தவரை நீந்தி இழுத்து வரும். அந்த நாயின் தலைதான் அணியின் சின்னம்.

இங்கே ஒரு விளக்கம். கனடா, அமெரிக்காவில் பெரிய ஹாக்கி என்பது என்.எச்.எல். அதுதான் ஹெட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஏ.எச்.எல்., மண்டல அலுவலகம். அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல்., நம்ம ஊர்க் கிளை. க்ரோலர்ஸ் இந்த மூன்றாம் படியில் இருந்த அணி. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அதன் தலைமை அணி. கிளையில் ஒருவன் நன்றாக விளையாடினால் மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்று உங்கள் ஊருக்காகக் கோல் போட்டவன் அடுத்த வாரம் இருக்க மாட்டான். சம்பளம் வாரத்துக்குச் சில நூறு டாலர். தங்க வீடு அணி கொடுக்கும். விளையாடுபவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பிள்ளைகள். மேலே போகிற கனவோடு வந்தவர்கள்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவராம். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவர் போட்டிருந்த பனியன் க்ரோலர்ஸுடையது இல்லை. நீலத்தில் பழைய பனியன், கழுத்து நைந்துபோயிருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டேன், இவர் எதிரணி ஆளா என்று. அது அவர் காதில் விழுந்துவிட்டது. இடைவேளையில் முழுக் கதையும் சொன்னார். நான் பாஸ்புக்கில் பதிவு போடுகிற மாதிரி மனதில் வாங்கிக்கொண்டேன்.

1991: செயின்ட் ஜான்ஸ் மேப்பிள் லீஃப்ஸ் வந்தது, ஏ.எச்.எல். அணி. முதல் ஆண்டிலேயே இறுதிச் சுற்றுக்குப் போனது. அந்த இறுதிச் சுற்றில் நடந்தது அதிசயம்: ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே வென்றது. கோப்பை கை நழுவியது. 1992 ஜூலையில், கடலில் காட் மீன் அற்றுப்போனதால் அந்த மீன்பிடிப்பையே அரசு நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. ஊரைக் காலி செய்து பெருநிலத்துக்குப் போனவர்கள் ஏராளம். அந்த வருடங்களில் ராத்திரி விளக்குப் போட்டிருந்த இடம் ஹாக்கி அரங்கம்தான் என்றார் பெரியவர். 2005-ல் அணியை டொரண்டோவுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காலத்துப் பனியன்தான் அவர் போட்டிருந்தது. பழைய மைதானக் கட்டடம் இப்போது சூப்பர் மார்க்கெட்.

2005: ஃபாக் டெவில்ஸ் என்ற இளையோர் அணி வந்தது. 2008-ல் போனது. அதன் பிறகு மூன்று குளிர்காலம் அணியே இல்லை.

2011: ஐஸ்கேப்ஸ் வந்தது, மறுபடியும் ஏ.எச்.எல். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலே போட வேண்டியிருந்தது. 2014-ல் இறுதிச் சுற்று, மறுபடியும் தோல்வி. 2017-ல் அதுவும் போனது.

ஏன் போகின்றன? ஆட்கள் வராததால் என்று நினைத்துவிடாதீர்கள். தலைமை அணிகளுக்குத் தங்கள் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மற்ற ஊர் அணிகள் பஸ்ஸில் போய் விளையாடி வரும். இது தீவு, விமானம் வேண்டும். வருகிற எதிரணியின் பயணச் செலவில்கூட உள்ளூர் அணி பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. வரவு செலவுக் கணக்கு பார்த்தவனுக்கு இது புரியும். அரங்கம் நிறைந்தாலும் கணக்கு கட்டாது.

பெரியவரிடம் கேட்டேன்: மூன்று அணி போய்விட்டது, நாலாவது வந்திருக்கிறது, அதுவும் ஒரு படி கீழே. இதுவும் போய்விடும் என்று தெரிந்துமா டிக்கெட் எடுத்தீர்கள்?

அவர் கோபப்படவில்லை. போகிறவனுக்கு அல்லவா நல்ல வரவேற்பு தேவை, தங்குகிறவனுக்கு நாள் நிறைய இருக்கிறதே என்றார்.

அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர் கூட்டத்தோடு சேர்ந்து கத்தப் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் நான் ஏழெட்டு ஆட்டம் பார்த்தேன். அவர்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். முதல் வேலை, பெயர் தெரிந்துகொள்வது. யார் எந்த ஊர், எந்தக் கை ஆட்டக்காரன், போன வருடம் எங்கே ஆடினான், எல்லாம் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆட்டக்காரர்கள் உள்ளே வரும் வழியில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவரும் கையில் தட்டிவிட்டுத்தான் போவார்கள். டிசம்பரில் ஒரு நாள் எல்லோரும் பொம்மையோடு வந்தார்கள். நம் அணி முதல் கோல் போட்டதும் நூற்றுக்கணக்கில் கரடிப் பொம்மைகள் பனித் தளத்தில் வந்து விழுந்தன. அத்தனையும் ஏழைப் பிள்ளைகளுக்குப் போகும். என் மனைவியும் ஒன்று எறிந்தாள். அது முன் வரிசைக்காரர் தலையில் விழுந்தது. அவர் எடுத்துத் தளத்தில் எறிந்துவிட்டுத் திரும்பி எங்களுக்குக் கை காட்டினார்.

பழைய பனியனோடு வருபவர்களை யாரும் கேலி செய்யவில்லை. லீஃப்ஸ், ஐஸ்கேப்ஸ், க்ரோலர்ஸ், எல்லாப் பனியனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். போனதை மறந்தால்தான் வந்ததை நேசிக்க முடியும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

மார்ச்சில் நாங்கள் திரும்பிவிட்டோம். 2019 ஜூன் மாதம், இங்கே விடியற்காலை, மாப்பிள்ளை போனில் கத்தினார். டொலீடோ அணியை ஆறாவது ஆட்டத்தில் வென்று க்ரோலர்ஸ் கெல்லி கோப்பையை எடுத்துவிட்டது. வந்த முதல் வருடமே, சொந்த அரங்கத்திலேயே. பயிற்சியாளராகத் தொடங்கிய ரயன் க்ளோ அதே தீவுக்காரர். ஆடிய காலத்தில் தலையில் பட்ட அடிகளின் விளைவால் ஜனவரியில் விலகினார். ஜான் ஸ்னோடன் பொறுப்பேற்றார். அணித் தலைவர் ஜேம்ஸ் மெலிண்டி அந்த ஊர்ப் பிள்ளை. பிளே-ஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ஜாக் ஓ'பிரையனும் உள்ளூர்க்காரர்தான். போனில் பின்னால் கேட்ட சத்தத்தில் அந்தத் தபால்காரர் குரலும் இருந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

2024 ஏப்ரலில் அந்த அணியும் போய்விட்டது. லீக்கே உறுப்பினர் உரிமையை முடித்துவிட்டது. ஒரு குளிர்காலம் அரங்கம் காலி. 2025 இலையுதிர் காலத்தில் ஐந்தாவதாக ஒன்று வந்தது. நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட் என்று பெயர், மறுபடியும் இளையோர் அணி. மகள் படம் அனுப்பியிருந்தாள். பிறந்தபோது நாங்கள் பார்க்கப் போன பேத்தி, ஏழு வயது, வழியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1986 ஆகஸ்டில் அந்தத் தீவின் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தீவின் மீனவர்கள்தான் கண்டு, தங்கள் படகுகளில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழக விடுதியில் இடம் கொடுத்து, உடையும் உணவும் கொடுத்தார்கள். சில நாட்களில் பெரும்பாலோர் மான்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும் போய்விட்டார்கள். தங்க மாட்டார்கள் என்பது கொடுத்தவர்களுக்கும் தெரிந்தே இருக்கும். முப்பது வருடம் கழித்து, 2016-ல், அவர்களில் சிலர் அந்தத் தீவுக்குத் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். நான் அந்த ஊரில் தமிழன் என்று சொன்னபோது தபால்காரர் முகம் மலர்ந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது.

இப்போது என் கதை. பிரமோஷன் வாங்கினால் மாற்றல் வரும் என்று பயந்து கடைசி வரை கிளார்க்காகவே இருந்தவன் நான். ஒரே ஊர், இரண்டு கிளை, 31 வருடம். மானேஜர்கள்தான் மாறினார்கள். பதினொரு பேர். முதல் இரண்டு மூன்று பேருக்கு வீடு தேடிக் கொடுத்தேன், பால்காரரை ஏற்பாடு செய்தேன். அப்புறம் சலித்துவிட்டது. மூன்று வருடத்தில் போகிறவர்தானே என்று மாலைக்கு என் பங்கைக் கொடுப்பதோடு சரி. ஏழாவதாக வந்தவர் தனி ஆள். குடும்பம் ஊரில். இரண்டரை வருடம் எனக்கு எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வாராவாரம் சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய் வந்தது படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க என்பது அவருடைய பிரிவுபசார விழாவில்தான் எனக்குத் தெரியும். ஒரு வேளை சாப்பாட்டுக்கு அவரை வீட்டுக்கு அழைத்ததில்லை.

திருந்தினேனா என்றால், இல்லை. போன வருடம் எங்கள் தளத்தில் ஒரு குடும்பம் பதினொரு மாதம் வாடகைக்கு இருந்தது. அந்தப் பையன் லிஃப்டில் தினமும் "குட் மார்னிங் அங்கிள்" சொல்வான். அவர்கள் லாரியில் சாமான் ஏற்றுகிற அன்றுதான் அவன் பெயரைக் கேட்டேன். சொன்னான். கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது. எங்கே விளையாடுவாய் என்றேன். "இங்க டீம்ல டெனன்ட் பசங்களைச் சேர்க்க மாட்டாங்க அங்கிள்" என்றான். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போய்ப் பார்த்து வியந்துவிட்டு வந்தவன் நான். என் வீட்டு வாசலில் நடந்தது தெரியவில்லை.

நம் குடியிருப்பில் சொந்தக்காரர், வாடகைக்காரர் என்று நோட்டீஸ் போர்டிலேயே இரண்டு பட்டியல் இருக்கிறது. பராமரிப்புக் கணக்குக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. கிரிக்கெட் அணிக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் அந்தப் பட்டியல் வேண்டுமா? அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்: இந்த வளாகத்தில் இன்று யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அணியில் ஆடலாம். ஆதரித்து ஓட்டுப் போடுங்கள். எதிர்க்கிறவர்கள் ஏன் என்று வந்து சொல்லுங்கள். பேசிப் பார்க்கலாம்.

புதிதாக வந்திருக்கிற ஒன்பது குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. பி பிளாக், இரண்டாவது மாடி, மாலை 5 மணிக்கு எங்கள் வீட்டில் காபி போடுவார்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை பெயரை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.