கட்டவிழ்த்து விட ஓரிடம்



"நாயைக் கண்டால் கல்லைக் காணோம்; கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. என்னளவில் அது சிறிது மாறி நின்றது. நாய் இருந்தது, இடத்தைக் காணோம். பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒரு நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றி, ஒரு நாழிகைப் பொழுது அதை மனம்போல் ஓடவிடுவதற்கு ஏற்ற இடம் எது என்று நான் தேடிய வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன். மாணவர்கள் கேட்கும் நேரத்தில் நாயைப் பற்றியா பேச்சு என்று முகம் சுளிக்க வேண்டா. இத்தேடல் எனக்குப் பறவையையும் மானையும் சட்டத்தையும் ஓர் ஆட்டுக் கிடையையும் காட்டிற்று.

முதலில் நாயைப் பற்றிச் சிறிது. என்னிடம் உள்ளது கன்னி என்னும் இனத்தைச் சேர்ந்தது. காரி என்பது அதற்கு நான் இட்ட பெயர். கருமேனி, செம்பழுப்புக் கால்கள், கண்களுக்கு மேலே பொட்டு வைத்தாற்போல் இரண்டு புள்ளிகள், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய இடை. நெல்லைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் கரிசல் நிலத்தின் பிள்ளை அது. தென்பாண்டி நாட்டுக்கு இத்தகைய நாய்கள் புதியன அல்ல. சிப்பிப்பாறை, இராசபாளையம், கோம்பை என்று ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்ட நாய்கள் இம்மண்ணில் தோன்றின. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளுள் இராசபாளையம் நாயும் ஒன்று. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றிலே, மாண்ட வீரனுக்கு அருகில் அவனுடைய நாயையும் செதுக்கி, "கோவிவன்" என்று அதன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அந்நாயின் சிறப்பு. மன்னர் பலருடைய பெயர்கள் மறைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் வாழ்கிறது!

வேட்டை நாய்களுள் மோப்பத்தால் துரத்துவன ஒரு வகை. பார்வையால் துரத்துவன மற்றொரு வகை. கன்னி இரண்டாம் வகை. நெடுந்தொலைவில் ஏதேனும் ஒன்று அசைந்தால் போதும். கண் விழித்துக் கொள்ளும், காது மூடிக் கொள்ளும். அதன் பிறகு நீங்கள் கூவுவது காற்றோடு போகும். இத்தகைய பிராணியை நான்கு முழச் சங்கிலியில் கட்டித் திண்ணையோரம் கிடத்தினால் அது என்ன செய்யும்? காரி முதலில் குரைத்தது. பின்னர்த் தன் முன்னங்காலைத் தானே நக்கி நக்கிப் புண்ணாக்கிக் கொண்டது. மருத்துவர் அதைப் பார்த்தார். "களிம்பு தருகிறேன், ஆனால் இதற்கு மருந்து ஓட்டம்" என்றார்.

வீடு திரும்பியதும் சட்ட நூலைப் புரட்டினேன். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி அளிக்காமல் புறக்கணிப்பதும் கொடுமையே என்று தன் 11-ஆம் பிரிவில் கூறுகிறது. மறுபுறம், 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவோ, தன் வசமுள்ள விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஓடவிடாவிட்டாலும் குற்றம், ஓடவிட்டுக் கெடுதி நேர்ந்தாலும் குற்றம். இரண்டும் நியாயமான சட்டங்களே. அவற்றுக்கு இடையில் ஒரு சிறிய நிலம் வேண்டும். அதைத்தான் தேடினேன்.

நகருக்குள் இருந்த மைதானங்களை விரைவில் ஒதுக்கி விட்டேன். வைகறையில் அங்கே ஓடுவோர் நாளைக்குப் பந்தயத்தில் வெல்ல வேண்டிய பிள்ளைகள். அவர்கள் காலடியில் நாயை ஓட விடுவது முறையன்று. தாமிரபரணிக் கரைக்குப் போனேன். வண்ணார்பேட்டையிலிருந்து குறுக்குத்துறை வரை எந்தப் படித்துறையைப் பார்த்தாலும் குளிப்போர், துவைப்போர், ஈரத் துணியோடு கோயிலுக்கு நடப்போர். நாயை அஞ்சுவோர் நம்மிடையே மிகப் பலர். "ஒன்றும் செய்யாது" என்று நாய் வளர்ப்பவர் சொல்லும் சொல்லைப் போலப் பயனற்ற சொல் வேறில்லை. ஓடிவரும் நாயைக் கண்ட குழந்தைக்கு அச்சொல் எப்படி ஆறுதலாகும்?

கோடையில் வற்றிக் கிடக்கும் குளங்கள் அடுத்து நினைவுக்கு வந்தன. நெல்லைச் சீமையில் குளங்களுக்குக் குறைவில்லை. ஒரு பங்குனி மாதத்துக் காலையில், வெடித்துக் கிடந்த ஒரு குளத்தின் உட்புறத்தில் காரியை அவிழ்த்து விட்டேன். அம்பு போலப் பாய்ந்தது. ஐந்து நிமிடம் எனக்கும் பேரின்பமாக இருந்தது. பின்னர்த் தலைக்கு மேலே ஒரு கூக்குரல்! ஆட்காட்டிக் குருவிகள் இரண்டு, அலறிக் கொண்டு நாயின் முதுகை உரசுவது போலத் தாழ்ந்து பறந்தன. அப்பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே முட்டையிடும். நான் நின்ற இடத்திலிருந்து மூன்றடி தொலைவில் நான்கு முட்டைகள் கிடந்தன. என் காலே அவற்றை மிதித்திருக்கலாம். காலியிடம் என்று நாம் நினைப்பது நமக்குத்தான் காலி.

ஊரை விட்டு இன்னும் சற்றே விலகலாமே என்று நண்பர் சிலர் கூறினர். அவர்களுக்கு நான் சொன்ன விடை இது. தூத்துக்குடிச் சாலையில் போனால் வல்லநாட்டுக் குன்று. அங்கு வெளிமான்கள் வாழ்கின்றன. இந்தியாவின் தென்கோடியில் இயற்கையாக வெளிமான் வாழும் இடம் அதுவே என்பர், 1987-இல் சரணாலயமாக்கப்பட்டது. மதுரைச் சாலையில் போனால் கங்கைகொண்டான். அது 2013-இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம். இவ்விடங்களுக்கு அருகில் நாயை அவிழ்ப்பது மானைக் கொல்வதற்கு ஒப்பாகும். நாய் கடிக்க வேண்டுமென்பதில்லை. வெருண்டு ஓடும் மான் சாலையில் பாய்ந்தோ வேலியில் மோதியோ மடியும். முயல் வேட்டைக்குக் கன்னியைக் கொண்டு போவோர் முற்காலத்தில் பெருமை பேசினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அது பெருமையன்று, குற்றம்.

எஞ்சியது வயல்வெளி. பிசான அறுவடை முடிந்த பின் பாளையங்கால் பாயும் வயல்கள் தாளடியோடு வெறுமையாகக் கிடக்கும். வயலுக்கு உரியவரிடம் இசைவு பெற்று ஒருநாள் காரியை அங்கே அவிழ்த்தேன். நான் கவனிக்காத ஒன்று உண்டு. வரப்புக்கு அப்பால், உரத்துக்காக ஓர் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். செம்மறிகள் அசைந்தன, காரி பார்த்தது, பறந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன். அது திரும்பவே இல்லை. ஆடுகள் சிதறி ஓடின. சினையாக இருந்த ஆடு ஒன்று வாய்க்காலில் உருண்டு விழுந்தது. கீதாரியின் நாய்தான் குறுக்கே நின்று காரியை மடக்கியது.

கீதாரி என்னை ஏசியிருந்தால் நலமாக இருந்திருக்கும். அவர் ஆட்டைத் தூக்கி நிறுத்தினார். "கடிக்கல. ஊசி போட்டிருக்கியளா?" என்று கேட்டார். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதைச் சொன்னேன். அதன் பிறகு, "கூப்புட்டா வருமான்னு பாக்காம அவுத்து விடலாமா அண்ணாச்சி?" என்றார். நான்காம் நாள் அந்த ஆட்டுக்குச் சினை கலைந்து விட்டது. அதற்குரிய பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமலே மடியில் முடிந்து கொண்டார். அவருடைய நாய் கிடை ஓரத்தில் படுத்திருந்தது. பிறந்தது முதல் அதன் கழுத்தில் கயிறு ஏறியதில்லை. அவர் நாக்கைச் சொடுக்கினால் எழுந்து வரும்.

இடத்தைத் தேடிய நான், நாயைப் பழக்க மறந்து விட்டேன் என்பது அன்றுதான் விளங்கிற்று. அடுத்த ஏழு மாதம் முப்பதடி நீளமுள்ள கயிறு ஒன்றுதான் எனக்கு ஆசான். கயிறு தரையில் இழுபட நாய் நடக்கும். பெயரைச் சொல்லி "வா" என்பேன். வந்தால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். வராவிட்டால் கயிறு மெல்ல இழுபடும். இங்கே பலர் செய்யும் பெரும்பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்த நாயை அடிப்பார்கள். நாயோ, தான் வந்ததற்காக அடி விழுந்தது என்றே கொள்ளும். மறுமுறை வரவே வராது. எவ்வளவு தாமதித்து வந்தாலும் தட்டிக் கொடுக்கவே வேண்டும். அதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும், எனக்கு அது குறைவு. இராசபாளையம் நாயை வளர்ப்போருக்கு மற்றொன்றும் உண்டு. அவ்வெள்ளை நாய்களுள் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அழைப்பது கேளாத நாயைத் திறந்த வெளியில் அவிழ்க்கலாகாது.

பிற ஊர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தார் 1979-இல் ஓலோனிப் பூங்காவின் ஒரு பகுதியை நாய்களுக்கென வேலியிட்டு ஒதுக்கினர். ஐதராபாத்தில், குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தைத் திருத்தி, 2018-இல் மாநகராட்சியே கொண்டாப்பூரில் நாய்ப் பூங்கா ஒன்று அமைத்தது. இத்தகைய பூங்காக்களின் நுட்பம் வாயிலில் இருக்கிறது. கதவு ஒன்றன்று, இரண்டு. முதற்கதவைத் தாண்டியதும் அது சாத்தப்படும். இடையிலுள்ள சிறு கூட்டில் பட்டையைக் கழற்றுவார்கள். பிறகே இரண்டாம் கதவு திறக்கும். எந்த நாயும் தெருவுக்குத் தப்பாது. சிறு நாய்களுக்குத் தனிப் பகுதி, நிழல் மரம், குடிநீர், கழிவை அள்ளும் வசதி ஆகியவையும் இருந்தால் போதும். ஓர் ஏக்கர் நிலம், ஆளுயர வேலி, இரட்டைக் கதவு: இவை பெருஞ்செல்வம் வேண்டுவன அல்ல. நம் நகரிலும் குப்பை மேடுகளுக்குப் பஞ்சமில்லை. நாய் வளர்ப்போருக்கு மட்டும் சலுகையா என்று கேட்கலாம். மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கும் படித்துறையில் நிற்கும் பாட்டிக்கும் அவ்வேலி பாதுகாப்பே அன்றோ?

அத்தகைய இடம் இங்கு அமையும் வரை, ஊருக்குத் தெற்கே நண்பர் ஒருவருடைய தென்னந்தோப்பே எங்களுக்குப் புகலிடம். நாற்புறமும் மதில். சீமைக்கருவேல முள் பாதத்தில் தைக்காதபடி முன்கூட்டியே நடந்து பார்த்துப் பொறுக்கி விடுவேன். வெயில் ஏறுமுன், ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடிக்க வேண்டும். நமக்கு உடலெல்லாம் வியர்க்கும். நாய் நாவை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற பங்குனியில், அத்தோப்பின் மூலையில் ஆட்காட்டி ஒன்று திடீரென அலறி எழுந்தது. காரி பாதி ஓட்டத்தில் நின்றது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடி. உடல் முழுதும் நடுக்கம். "காரி, வா" என்றேன், உரக்க அன்று. அது பறவையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடியும் பறவையைப் பார்த்தது. பின்னர்த் தலையைத் தாழ்த்திக் கொண்டு, அவசரமே இல்லாமல், என்னிடம் நடந்து வந்தது. பட்டையைப் பூட்டி, மடியிலிருந்த ஈரல் துண்டுகள் அத்தனையையும் கொடுத்து விட்டேன்.