கொடியின் மறைநோய் கண்ட அறிஞர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மனிதன் நோயுற்றால் வாய் திறந்து சொல்லுகிறான்; மாடு நோயுற்றால் தீனியை மறுக்கிறது. கொடி நோயுற்றால் நாம் அறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேடிய அறிஞர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அவர், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்னும் ஊரில் பணியாற்றிய ஆஸ்டின் கோஹீன் ஆவார்.

அங்கே 'எம்பரர்' என்னும் செந்திராட்சை சில கொடிகளில் நிறம் ஏறாது வெளிறியே பழுத்தது. இது இலைச்சுருள் என்னும் வைரஸ் நோயே என்று கோஹீனும் அவருடைய தோழர்களும் 1958-ஆம் ஆண்டில் காட்டினர். அதே ஆண்டில், ஹெவிட், ராஸ்கி என்பவர்களுடன் சேர்ந்து, விசிறியிலை நோயை மண்ணில் வாழும் ஒரு நுண்புழு வேருக்கு வேர் பரப்புகிறது என்றும் அவர் நிறுவினார். புழுவினம் ஒன்று செடிக்கு வைரஸைக் கொண்டு செல்வது உறுதியானது அதுவே முதன்முறை. நோயுற்ற கொடியைப் பிடுங்கி, அவ்விடத்திலேயே நல்ல கொடியை நட்டும் பயன் காணாத உழவரின் துயரத்திற்குக் காரணம் அப்போதே விளங்கிற்று.

இந்நோய்களின் கொடுமை அவை மறைந்திருத்தலே. சில வகைக் கொடிகள் எவ்வித அடையாளமும் காட்டா. அத்தகைய கொடியின் கிளையை நறுக்கி நடும் உழவன், தன் கையாலேயே நோயையும் நடுகிறான். ஆகவே, ஐயுற்ற கொடியின் மொட்டை, நோயை எளிதில் வெளிக்காட்டும் வேறொரு கொடியில் ஒட்டிப் பல மாதங்கள் காத்திருப்பர். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையால் விரிசலை அறிந்த தொழிலாளியின் முறையும் இத்தகையதே அன்றோ? நோயுற்ற கொடியைச் சுமார் 38 டிகிரி வெப்பத்தில் பல வாரங்கள் வளர்த்து, அதன் நுனித்தளிரைக் கிள்ளி வேரூன்றச் செய்து, தூய கொடியைப் பெறும் வழியும் உண்டு. 1977-இல் கிளார்க், ஆடம்ஸ் என்பார் செடி வைரஸ்களுக்கு ஏற்ப வகுத்த 'எலைசா' சோதனை, மாதக்கணக்கான காத்திருப்பை நாட்கணக்காகக் குறைத்தது.

இன்னொன்றும் கூற வேண்டும். 'பியர்ஸ் நோய்' பல்லாண்டுகளாக வைரஸ் நோய் என்றே கருதப்பட்டது. 1973-இல் கோஹீன் குழுவினரும் வேறொரு குழுவினரும் நோயுற்ற கொடியின் நீர்க்குழாய்களில் பாக்டீரியா போன்ற நுண்ணுயிரைக் கண்டனர். 1987-இல் அதற்கு 'சைலெல்லா' என்று பெயரிட்டனர். வைரஸைத் தேடுவதே தொழிலாகக் கொண்டவர், 'இது வைரஸ் அன்று' என்று சொல்ல முன்வந்தார். கற்றோர்க்கு அழகு அதுவே.

நம் இளைஞருள் ஒருவரேனும் இத்துறையை நாடுவாராயின், உழவர் குடி வாழ்த்தும். நம் சங்கமும் பெருமையுறும்.