பால் கடந்த ஆன்மிகம், மனச்சாட்சி, அன்பு: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மரபு

1. பொருளும் எல்லையும்

உயிருக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை என்பது தமிழ்நாட்டுச் சமய நெறிகள் பலவற்றின் கருத்து. சைவ சித்தாந்தத்தின்படி உடல் மாயையிலிருந்து தோன்றியது. உயிர் வினைப்பயனை நுகர்வதற்காக அதில் தங்குகிறது. பிறவிதோறும் வேறு உடல் எடுக்கும் உயிருக்கு இப்பிறவியின் பாலடையாளம் நிலையான இயல்பாக இருக்க முடியாது. ஆயினும் கருவறைப் பூசை, மடத்துப் பீடம், வேதம் ஓதும் உரிமை, ஈமக்கடன் ஆகியவற்றில் யாருக்குத் தகுதி உண்டு என்பதை நெடுங்காலம் பாலே முடிவு செய்தது.

கொள்கை ஒரு பக்கமும் வழக்கம் மறுபக்கமும் நிற்கும் இந்நிலையில் இரண்டையும் இணைக்க வல்லவை மனச்சாட்சியும் அன்பும். மனச்சாட்சி ஒருவர் தம்மைத் தாமே விசாரிப்பது. நிபந்தனையற்ற அன்பு பிறரை விசாரிக்காமல் ஏற்பது. இவ்விரண்டும் இடம் மாறும்போது, அதாவது தம்மை விசாரிக்காமல் பிறரை மட்டும் விசாரிக்கத் தொடங்கும்போது, சமயம் பிறரின் உடலைக் காவல் காக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழர்களிடையே இந்தச் சிந்தனை எப்படி நிறுவனங்களாக உருக்கொண்டது என்பதை இவ்வுரை படிப்படியாகக் காண்கிறது.

2. பக்தி மரபில் பால் கடந்த நிலை

இறைவன் ஆணும் அல்லன், பெண்ணும் அல்லன், இரண்டும் அல்லாதவனும் அல்லன் என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடினார். அவரே தலைவியின் நிலையில் நின்று பாடிய பாசுரங்களால் பராங்குச நாயகி எனப் பெயர் பெற்றார். அதே முறையில் திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை, விடியலில் தோழியரை எழுப்பும் கன்னிப் பெண்களின் குரலில் அமைந்தது. மார்கழியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் சிவன் கோயில்களில் அதை ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓதுகின்றனர். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்ற வைணவத் தலங்களில் ஆண்டாளின் திருப்பாவைக்கு அந்த இடம் உண்டு. பெண்ணின் குரலை ஏற்றுப் பாடுவதில் ஆண் பக்தர்கள் பொதுவாகக் குறை கண்டதில்லை.

பெண் அடியார்களுக்கு இந்தப் பயணம் இத்தனை எளிதாக அமையவில்லை. அறுபத்து மூன்று நாயன்மார்களில் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவரே பெண்கள். பன்னிரு ஆழ்வார்களில் ஆண்டாள் ஒருவரே. கணவன் விலகிய பின், அவனுக்காகச் சுமந்த அழகுடலை இனிச் சுமக்க வேண்டாம் என்று வேண்டிப் பேய் வடிவம் பெற்றவர் காரைக்கால் அம்மையார். ஆண் அடியார் பாட்டளவில் பெண்ணாக முடிந்தது; பெண் அடியாரோ இறைவனைத் தேட உடலையே துறக்க நேர்ந்தது. கோயில் திருச்சுற்றில் மற்ற நாயன்மார்கள் நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பது மரபு அவருக்குச் செய்த சிறப்பு. ஆனால் அந்தச் சிறப்பு அதே திருச்சுற்றில் வலம் வந்த சாதாரணப் பெண்களின் நிலையை மாற்றவில்லை.

3. மனச்சாட்சி என்னும் விசாரணை

பொய் சொன்னவரை முதலில் சுடுவது அவருடைய நெஞ்சே என்பது திருக்குறளின் வாய்மை அதிகாரம் சொல்லும் கருத்து. மனச்சாட்சியைச் சட்டத்துக்கும் ஊர்ப்பேச்சுக்கும் முன்னே வைக்கும் இச்சிந்தனை, 19ஆம் நூற்றாண்டில் வடலூர் இராமலிங்க அடிகளிடம் உரைநடை வடிவம் பெற்றது. 1854இல் வெளிவந்த ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்ற நூலில், இளவரசன் ஓட்டிய தேரில் சிக்கிய கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததைக் கேட்ட சோழ மன்னன், தான் என்னென்ன பாவம் செய்திருக்கக் கூடும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் புலம்புகிறான். நல்லவரை நடுங்கச் செய்தது, பசித்தவரைப் பாராமல் போனது, நட்டாற்றில் கைவிட்டது என அப்பட்டியல் நீள்கிறது.

அந்தப் பட்டியலில் கேள்விகள் யாவும் அரசன் தன்னையே நோக்கிக் கேட்பவை. பசுவையோ, ஊராரையோ, தேரோட்டிய மகனையோ குறித்த குற்றச்சாட்டு அதில் இல்லை. செய்தது பாவமா என்பதோடு, செய்யாமல் விட்டதும் பாவமா என்று அது கேட்கிறது. பாராமுகமும் கணக்கில் சேர்க்கப்படும்போது மனச்சாட்சி ஒருவரைச் செயலில் இறக்குகிறது.

அடிகளின் வாழ்வில் அச்செயலின் ஒரு பகுதி பெண்களைப் பற்றியது. கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் களைய வேண்டாம் என்றும், மனைவி இறந்தால் கணவன் மறுமணம் செய்ய வேண்டாம் என்றும் அவர் அறிவுறுத்தினார். துக்கத்தில் பெண்ணுக்கு ஒரு நீதியும் ஆணுக்கு ஒரு நீதியும் இருந்த காலத்தில், இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்த அறிவுரை அது.

4. நிபந்தனையற்ற அன்புக்கு ஓர் அளவுகோல்

1865இல் சமரச சன்மார்க்க சங்கத்தை நிறுவிய அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் வழங்கிய நிலத்தில் எழுந்த அச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூல் அந்த அடுப்புக்கான விளக்கம் எனலாம். பசித்தவரின் நாடு, சமயம், சாதி, நடத்தை ஆகிய எதையும் விசாரிக்காமல் உணவளிக்க வேண்டும் என்பது அதன் விதி.

நடத்தையையும் விசாரிக்கக் கூடாது என்றதே இவ்விதியின் கடினமான பகுதி. நல்லவருக்கு உதவுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. உதவி பெறுபவர் அதற்குத் தகுதியானவரா என்ற கேள்வியை அடிகள் உணவுப் பந்தியிலிருந்து விலக்கினார். அதனால் அன்பு நிபந்தனையற்றதா என்பதைச் சோதிக்கும் ஓர் அளவுகோல் கிடைத்தது: தருபவர் கேட்கும் கேள்விகள் குறையுமளவுக்கு அன்பு கூடுகிறது. பால் குறித்த கேள்விகளுக்கும் இது பொருந்தும்.

5. மலாயாவின் பின்னணி

1893இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய சுவாமி விவேகானந்தர் வழியில் பினாங்கையும் சிங்கப்பூரையும் கண்டார். அவர் மறைந்த 2 ஆண்டுகளுக்குப் பின், 1904இல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர்களின் முயற்சியால் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. வழிபாட்டோடு கல்வியையும் தன் பணியாகக் கொண்ட அந்த ஆசிரமம் பள்ளிகளை நடத்தியது. ரயில்வே ஊழியர்களும் எழுத்தர்களும் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸில் சமயமும் கல்வியும் ஒரே வளாகத்துக்குள் வந்தன.

தோட்டப்புறங்களின் கதை வேறு. ரப்பர் தோட்டங்களில் ஆண்களோடு பெண்களும் பால்மரம் வெட்டினர். 1942-43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களைக் கொண்டுசென்றனர். பெருந்தொகையினர் திரும்பவில்லை. லயங்களில் விதவைகளும் தாய்தந்தையற்ற குழந்தைகளும் எஞ்சினர்.

அதே 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். மலாயாவைச் சேர்ந்த ஜானகி ஆதிநாகப்பன், ராசம்மா பூபாலன் போன்ற இளம்பெண்களோடு தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தனர். போருக்குப் பின் ராசம்மா பூபாலன் ஆசிரியர் பணிக்கு வந்து, பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் கோரிய இயக்கத்தில் முன்னணியில் நின்றார். ஆதரவற்ற குழந்தைகளின் பெருக்கமும், பொதுவாழ்வில் பழகிய பெண்களின் தலைமுறையும் ஒரே பத்தாண்டில் உருவாயின. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில் எழுந்தது சுத்த சமாஜம்.

6. சுத்த சமாஜமும் அன்னை மங்களமும்

மலாயாவில் பிறந்த சுவாமி சத்தியானந்தா, கோலாலம்பூர் பூச்சோங் சாலை ஆறாவது மைலில் சுத்த சமாஜத்தை நிறுவினார். அதன் குழந்தைகள் இல்லம் 1950களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. வளாகத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான ஆலயம் ஒன்று உண்டு. உலகின் பெருஞ்சமயங்களின் சின்னங்கள் அங்கே இடம்பெற்றுள்ளன. சமய நல்லிணக்கம், கல்வி, ஆதரவற்றோர் பராமரிப்பு ஆகிய மூன்றும் சமாஜத்தின் பணிகள்.

1926இல் சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மங்களம், இளமையிலேயே இப்பணியில் சேர்ந்தார். இல்லற வாழ்வை மேற்கொள்ளாமல் சமாஜக் குழந்தைகளை வளர்ப்பதிலும் படிக்க வைப்பதிலும் காலம் செலவிட்டார். 1961இல் சுவாமி சத்தியானந்தா சாலை விபத்தில் காலமானதும் நிறுவனத்தின் தலைமை மங்களத்திடம் வந்தது. 2023 ஜூன் 10 அன்று 97ஆம் வயதில் மறையும்வரை 60 ஆண்டுகளுக்கு மேல் அவர் அதைத் தாங்கினார். மலேசியாவின் மெர்டேக்கா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இந்தத் தலைமை மாற்றத்தின் சிறப்பை அக்காலச் சூழலோடு ஒப்பிட்டால் விளங்கும். ராமகிருஷ்ண இயக்கத்தில் பெண் துறவியருக்கெனத் தட்சிணேசுவரத்தில் சாரதா மடம் 1954 டிசம்பர் 2 அன்று தொடங்கி, 1959இல் தனித்த அமைப்பானது. அது பெண்களே நடத்தும் பெண்களின் மடம். சுத்த சமாஜத்தில் நடந்தது வேறு வகை: ஆண் துறவி நிறுவிய, ஆண்களும் பெண்களும் சேர்ந்து இயங்கிய அமைப்பில் ஒரு பெண் அவருக்குப் பின் தலைமை ஏற்றார். முதல் வழி பெண்ணுக்குத் தனி இடம் அமைக்கிறது. இரண்டாம் வழியில் பொது இடமே பெண்ணின் பொறுப்பில் வருகிறது. ஆன்மிகத் தலைமைக்குப் பால் தடையல்ல என்பதை நிறுவ இரண்டும் தேவைப்பட்டன.

7. விலை சொல்லாத பந்தி

அன்பை நிபந்தனையின்றி நடத்திக் காட்டிய மற்றோர் அமைப்பு பிரிக்பீல்ட்ஸில் உள்ளது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981இல் கோலாலம்பூரில் நுண்கலை ஆலயம் தொடங்கியது. பரதநாட்டியம், இசை ஆகியவற்றைக் கற்பிக்கும் அந்நிறுவனத்தோடு இணைந்தது அன்னலட்சுமி சைவ உணவகம். விருப்பம்போல் உண்டு, மனம் விரும்பியதைத் தருவதே அதன் முறை. தொண்டர்கள் சமையலிலும் பரிமாறுவதிலும் பங்கேற்கின்றனர். சிங்கப்பூர், பெர்த், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களுக்கும் அன்னலட்சுமி பரவியது.

வடலூர்த் தருமச்சாலை உண்பவரிடம் எதுவும் கேட்பதில்லை. அன்னலட்சுமி தொகையை உண்பவரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது. இங்கே அன்பைத் தருபவர் கேள்வியை நிறுத்துகிறார். பெறுபவர் தமக்குள் கேள்வியைத் தொடங்குகிறார். முதல் பகுதியில் கூறப்பட்ட இரு திசைகளும் ஒரே பந்தியில் சந்திக்கின்றன. சமையலை வீட்டுப் பெண்ணின் கடமையாக மட்டும் பார்த்த சமூகத்தில், அதை ஆண், பெண் இருபாலாரின் தொண்டாகப் பொது இடத்துக்குக் கொண்டுவந்ததும் இம்முறையின் பயன்.

8. தீராத மூன்று சிக்கல்கள்

முதலாவது தாய்மை. ஆன்மிகத்தில் உயர்ந்த பெண்ணைத் தமிழர் அன்னை என்றே அழைக்கின்றனர். கயிலையில் காரைக்கால் அம்மையாரைச் சிவபெருமானே தாய் என்று விளித்ததாகப் பெரியபுராணம் கூறும். இது உயர்ந்த மதிப்பு. ஆனால் சிந்தனையாளர், நிர்வாகி, ஆசான் என்ற நிலைகளில் பெண்ணை ஏற்பதற்கு முன் தாயாக மட்டும் ஏற்கும் பழக்கமும் அதில் ஒளிந்துள்ளது. 60 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தை நடத்த நிதித் திட்டமும் ஆள் நிர்வாகமும் தொலைநோக்கும் வேண்டும். தாயன்பு மட்டும் போதாது. அன்னை மங்களத்தின் பணியை முழுமையாக மதிப்பிட இந்தத் திறன்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெற்றோர் இல்லாத குழந்தைக்கு இத்தகைய அன்பைத் தருவது ஆணாலும் முடியும் என்பதை ஏற்பதே தாய்மையைப் பால் கடந்த பண்பாகக் காண்பதாகும்.

இரண்டாவது தீட்டு. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பங்காரு அடிகளார் (1941-2023), மாதவிலக்கு நாள்களிலும் பெண்கள் வழிபடலாம், தம் கையாலேயே பூசை செய்யலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார். அதன் வார வழிபாட்டு மன்றங்கள் மலேசியாவிலும் உண்டு. சிவப்புச் சேலை உடுத்திய பெண்களே அங்கு வழிபாட்டை நடத்துகின்றனர். பெரிய ஆகமக் கோயில்களில் இம்மாற்றம் இன்னும் நிகழவில்லை. ஒரே நகரில், ஒரே குடும்பத்துப் பெண் ஓரிடத்தில் பூசை செய்பவராகவும் மற்றோரிடத்தில் விலக்கி வைக்கப்பட்டவராகவும் இருக்கிறார்.

மூன்றாவது திருநங்கையரின் நிலை. மாதொருபாகனை வணங்கும் சமூகத்தில், ஆண்-பெண் பகுப்பில் அடங்காதவர் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது இன்றும் நடக்கிறது. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. சட்டம் உரிமையைத் தரலாம். குடும்பத்தின் மேசையில் ஓர் இடத்தைப் பெற்றோரின் மனச்சாட்சியே தர முடியும். நடத்தையையும் விசாரிக்காதே என்ற ஜீவகாருண்ய விதிக்கு இக்காலத்தில் இதைவிடக் கடும் சோதனை இல்லை.

9. தொகுப்பு

பால் கடந்த ஆன்மிகம் பாட்டிலும் தத்துவத்திலும் நெடுங்காலமாக இருந்தது. அது வாழ்க்கைக்கு வந்தபோதெல்லாம் மூன்று வழிகளில் வந்திருக்கிறது. தன்னை முதலில் விசாரிக்கும் மனச்சாட்சி, செய்யத் தவறியதையும் குற்றமாகக் கண்டது. கேள்வி கேட்காத உதவி, அடுப்பாகவும் குழந்தைகள் இல்லமாகவும் நாள்தோறும் நடக்கும் ஒழுங்காக மாறியது. தலைமை, அதைத் தாங்க வல்லவர் ஆணா பெண்ணா என்று பாராமல் ஒப்படைக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கோயிலோ சங்கமோ இல்லமோ இக்கொள்கையை ஏற்றுக்கொண்டதா என்பதை அறிய, பூசை யார் செய்கிறார்கள், கணக்கு யார் கையில் இருக்கிறது, உதவி கேட்டு வருபவரிடம் எத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.