அடுப்புச் சாம்பலை அள்ளும் முறை
(தாம்பரம் வட்டார வீட்டுத் தோட்டப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எரிவாயு அடுப்பு வந்த பின்னும் முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கங்களில் வெந்நீர் காய்ச்சவும், விசேட நாட்களில் பெரிய சமையலுக்கும் விறகு அடுப்பு எரிகிறது. அதன் சாம்பல் நல்ல எரு. ஆனால் அதை அள்ளிக் கொட்டும் முறையில்தான் தவறு நேர்கிறது.

நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமையன்று. சாம்பல் போர்வை போல வெப்பத்தை உள்ளேயே காக்கும். ஆதலால் சவுக்கு, சீமைக்கருவேல் போன்ற கெட்டி விறகின் கங்கு, மேலே ஆறிய பிறகும் ஒரு நாளுக்கு மேல் அணையாதிருக்கும்.

எங்கள் வீட்டிலேயே ஒரு மாலை, ஆறிவிட்டதென்று நினைத்து அள்ளிய சாம்பலை எருக்குழியின் காய்ந்த சருகின் மேல் கொட்டிவிட்டோம். நள்ளிரவில் குழி புகைந்தது. பத்தடி தூரத்தில் வைக்கோற்போர். நாய் குரைத்ததால் விழித்தோம், போர் தப்பியது. குப்பைக்குள் புகுந்த தீயை அணைப்பது எளிதன்று. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்ததை நாம் அறிவோம்.

எனவே சாம்பலை இரவு முழுதும் ஆறவிட்டு, விடியற்காலையில், அடுப்பு மூட்டுமுன் அள்ளுங்கள். பிற்பகலில் கடற்காற்று வீசினால் பொறி பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் மெல்ல எடுத்து, மூடியுள்ள இரும்பு வாளியில் இடவேண்டும். பிளாஸ்டிக் கூடை, சாக்கு, அட்டைப்பெட்டி ஆகியவை கூடா. வாளியைக் கூரைக்கும் விறகுக்கும் எட்டாத வெளியிடத்தில், கல்லின் மேல் 3 நாள் வையுங்கள். மூடிய அறைக்குள் வைத்தால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உயிருக்கே ஆபத்தாகும். சூடான சாம்பலில் ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். 3 நாள் கழித்துக் கிளறிப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்த பிறகே நீர் தெளித்துத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லுங்கள். ஈரச் சாம்பல் காரமுள்ளது; கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விறகுச் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, தழைச்சத்து எரிந்துபோய்விடும். வாழைக்கும் காய்கறிக்கும் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராமுக்கு மிகாமல் தூவி மண்ணுடன் கொத்திவிடுங்கள். களர் நிலத்திற்கு வேண்டாம். யூரியா, அம்மோனியம் சல்பேட்டுடன் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்து வீணாகும். பிளாஸ்டிக், வர்ணம் பூசிய பலகை எரித்த சாம்பலைத் தோட்டத்தில் சேர்க்கலாகாது.

எருவாக வேண்டிய சாம்பல் வீட்டை எரித்துவிடக் கூடாது. 3 நாள் பொறுத்தால் பயம் இல்லை, பயன் உண்டு.