சைக்கிள் டயரும் தண்டவாள இடுக்கும்
(அனுமந்தன்பட்டியில் பேசியது)

நம்ம அனுமந்தன்பட்டியில் தண்டவாளம் கிடையாது. ஆனா தேனி, போடி பக்கம் சைக்கிளில் போறவங்களுக்கு ரயில்வே கேட் உண்டு. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்ன ரயில், தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும் திரும்ப வந்தது. அதுவரை ரயிலே இல்லாம பழகிட்டோம்.

ரயில் மோதினாத்தான் ஆபத்துன்னு இல்லைங்க. ரயில் சக்கரத்தின் விளிம்பு போறதுக்காகத் தண்டவாளத்தை ஒட்டி விடுற இடுக்கு, ஏறக்குறைய 2 அங்குலம். சாதா சைக்கிள் டயரோ ஒன்றரை அங்குலம். சாய்வா ஓட்டினா டயர் உள்ளே இறங்கிடும். மழையில் இரும்பும் வழுக்கும். (சென்னையில் 1953 வரை ஓடின டிராமுக்கும் தண்டவாளம் ரோட்டோடு பதிச்சதுதான்.) நேர்குறுக்காகக் கடங்க. பின்னால ஹாரன் அடிச்சா இறங்கி உருட்டுங்க, அவசரமே இல்லை.

விழுந்தவரைப் பார்த்து, "பார்த்து ஓட்டக் கூடாதா?"ன்னுதான் கேட்போம். அது பாதி நியாயம். ரெண்டு கேட்டுக்கும் நடுவில் ரோட்டைச் சமமா வைக்கிறது ரயில்வேயின் பொறுப்பு. அங்கே கல் பெயர்ந்திருந்தா, கேட் எண்ணைக் குறிச்சு 139-க்குச் சொல்லுங்க. வெளியே நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளமா? 'நம்ம சாலை' செயலியில் படத்தோட போடுங்க. பேரூராட்சி ரோடுன்னா முதல்வரின் முகவரி, 1100.